ஆற்றுக்கு மிச்சமிருந்த சொல்

பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஆற்றைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஓர் எண்தான். காலை ஏழு மணிக்கு ஒரு மனிதர் பாலத்தின் மூன்றாவது தூணில் வரைந்திருக்கும் அளவுகோலை எட்டிப் பார்ப்பார். நாலே கால் மீட்டர் என்றால் நாலே கால் என்று அலுவலகத்துக்கு ஃபோனில் சொல்வார். எண் ஒன்பதைத் தொட்டால் அங்கிருந்து சைரன் ஊதுவார்கள். கீழ்த்தெருக்காரர்கள் பெட்டி படுக்கையோடு மாடிக்கு ஏறிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் இறங்கி வந்து, சேற்றைக் கழுவிவிட்டு, அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. குறையே இல்லாத ஒரு காரியத்தை அதிகாரிகள் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்கள்?

தூணை எட்டிப் பார்க்கும் மனிதருக்கு அளவுக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு, அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவருடைய அக்கா கீழ்த்தெருவில், தண்ணீர்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது கட்டடத்தில், தையல்கடை வைத்திருந்தாள். தரைத்தளத்தில் ஏழு மெஷின். ஆஸ்பத்திரிக்குப் போர்வை, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை என்று காலை முதல் மாலை வரை கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். சைரன் கேட்ட பிறகு அந்த ஏழையும் மாடிக்கு ஏற்ற அவளுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைப் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வாங்கிக் கொடுத்தது தம்பியின் எண்தான். வேறு சீர் எதுவும் அவர் அக்காவுக்குச் செய்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

இப்படி இருக்கையில் புது இயக்குநர் வந்தார். அவர் வெளிநாட்டில் ஆறுகளைப் பற்றிய மாநாடு ஒன்றுக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சாப்பாட்டு மேஜையில் ஆளாளுக்குத் தங்கள் ஆற்றை ஆங்கிலத்தில் வர்ணித்திருக்கிறார்கள். இவர் முறை வந்தபோது கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, "நாலே கால்" என்று சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி சூப் குடிக்கக் குனிந்துவிட்டார்களாம். அவர் அன்று பட்ட அவமானத்துக்கு ஆறு பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வந்த முதல் வாரமே பெயர்ப்பலகை மாறியது. ஆற்று நீர்மட்ட அலுவலகம் என்பது அகன்ற ஆறுகள் விவரிப்பு இயக்ககம் ஆனது. அந்த இயக்ககத்தின் கையில் இருந்தது ஒரே ஓர் ஆறு என்றாலும், பன்மை இல்லாவிட்டால் கம்பீரம் வராது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வாரம் கையேடு வந்தது. 'அகன்ற ஆற்றை ஆங்கிலத்தில் விவரித்தல்: பொருளும் பயன்பாடும்' என்று அட்டையில் தங்க எழுத்து. இனி எண் கிடையாது. தினமும் ஒரு படிவம், அதில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஓர் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் அதன் பொருள், மூன்றாவதில் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம். கீழே கையெழுத்து.

பயிற்சி வகுப்பு நடந்த அறைக்கு ஆற்றைப் பார்த்தபடி ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. அதை மறைத்துத் திரை கட்டி, திரையில் வேறு யாருடைய ஆற்றையோ படம் காட்டினார்கள். வகுப்பெடுத்தவர் சொல்லதிகாரி. அந்தப் பதவிக்கென்றே வரவழைக்கப்பட்ட அம்மையார். ஆற்றின் வாடை ஆகாது என்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசுவார்.

"ஆத்தைப் பார்த்ததும் உங்க மனசுல என்ன தோணுது, சொல்லுங்க."

"நாலே கால், மேடம்" என்றார் அளவுக்காரர்.

"அது எண். நான் கேட்டது உணர்வு."

அளவுக்காரர் நேர்மையாக யோசித்தார். "எட்டரைன்னா கொஞ்சம் கவலையா இருக்கும், மேடம்."

அம்மையார் கைக்குட்டைக்குள் பெருமூச்சு விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் எழுந்துகொண்டார். பேச வேண்டும் என்று தோன்றிவிட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

"எண்ங்கறது வாய் இல்லாதவன் பாஷை! நாலே கால்னு சொன்னா ஒரு வெளிநாட்டுக்காரர் உருகுவாரா? இந்த ஆத்தை நான் இன்னும் நேர்ல பார்க்கலை. பார்க்கவும் போறதில்லை. பார்த்தா விவரிப்புல ஒரு பக்கச்சார்பு வந்துடும். நீங்க எழுதறதைப் படிச்சே அது எவ்வளவு அகலம்னு எனக்குப் புரியணும். நம்ம ஆறு முதல்ல பேப்பர்ல ஓடணும், அப்புறம் வெளியில எங்க வேணா ஓடிக்கட்டும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அளவுக்காரரும் தட்டினார், சும்மா இருந்தால் நன்றாக இராதே என்று.

கையேட்டின் ஏழாம் விதிதான் பின்னால் எல்லாவற்றையும் செய்தது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது சொல்வறுமை. ஆகவே ஒரு சொல்லை ஒரு மாதத்தில் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். மாதத்துக்கு முப்பத்தொரு நாள், முப்பத்தொரு சொல். வைட், பிராட், வாஸ்ட், மைட்டி, மெஜஸ்டிக் என்று அகலத்துக்கு அம்மையார் தேடிப் பிடித்தது இருபத்து நான்கு. அதற்கு மேல் கிடைக்கவில்லை. மீதி ஏழையும் தம் மகளின் பாடப்புத்தகத்தில், ஓடையைப் பற்றிய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டுப் பட்டியலை நிரப்பினார்.

சைரனுக்கும் புது விதி வந்தது. ஒன்பது மீட்டர் என்பதை அடித்துவிட்டு, படிவத்தில் 'ஓவர்ஃப்ளோயிங்' என்ற சொல் வந்தால் மட்டும் ஊதலாம் என்று எழுதினார்கள். ஊழியர்கள் ஆற்றின் நிலையைப் பொதுமக்களிடம் தங்கள் சொந்தச் சொல்லில் சொல்வது அனுமதியற்ற விவரிப்பு என்றும், அது தண்டனைக்குரியது என்றும் இன்னொரு வரி சேர்த்தார்கள்.

அளவுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். முதல் தேதி 'வைட்' போட்டார். பயன்பாடு: 'தி வைட் ரிவர் இஸ் வெரி வைட்.' இரண்டாம் தேதி 'பிராட்'. ஆறு என்னவோ இரண்டு நாளும் நாலே காலில்தான் ஓடியது. ஓவர்ஃப்ளோயிங் என்ற சொல்லை மட்டும் தொடவே கூடாது, அக்காவுக்காக அது அப்படியே இருக்கட்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

ஒன்பதாம் தேதி அவர் 'டீப்' என்று எழுதி அனுப்பியிருந்தார். பத்து நிமிஷத்தில் அம்மையாரின் ஃபோன்.

"இன்னைக்கு ஆண்டு மலர் அச்சுக்குப் போகுது. அட்டையில இன்னைய வாக்கியத்தைத்தான் போடறோம். டீப்பெல்லாம் அட்டைக்கு எடுபடாது. நான் ஓவர்ஃப்ளோயிங்னு மாத்திட்டேன்."

அளவுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், ஆறு நாலே கால்லதான் கிடக்கு. அதோட அந்தச் சொல் வந்தா சைரன் ஊதிடுமே?"

"ஊதாது. இன்னைக்கு மட்டும் வயரைப் புடுங்கி வைக்கச் சொல்லிட்டேன். எல்லாம் யோசிக்காமலா செய்வோம்?"

"அப்போ இந்த மாசம் நிஜமாவே வெள்ளம் வந்தா?"

"இப்படி எதிர்மறையா யோசிக்கறதாலதான் உங்க வாக்கியத்துல ஓட்டமே இல்லை" என்று சொல்லி அம்மையார் ஃபோனை வைத்தார்.

இருபத்தைந்தாம் தேதி அது வந்தது. மேலே மூன்று நாளாக மழை. காலை ஏழு மணிக்குத் தூணில் தண்ணீர் ஏழரையைத் தாண்டியிருந்தது. எட்டு மணிக்கு எட்டே கால். ஒரு முழுக் கதவும் நாற்காலியும் தண்ணீரில் மிதந்து போயின. அளவுக்காரர் முதலில் அக்காவுக்கு ஃபோன் அடித்தார். ஏழு மெஷின் ஓடும் சத்தத்தில் அவள் ஃபோனை எடுக்கும் வழக்கமே கிடையாது. அடுத்து அலுவலகத்துக்கு அடித்தார்.

"மேடம், எட்டே கால் ஆயிடுச்சு! ஏறிக்கிட்டே இருக்கு. சைரன் ஊதச் சொல்லுங்க."

"எண் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? சொல் என்ன?"

"ஓவர்ஃப்ளோயிங், மேடம்."

"அது ஒன்பதாம் தேதியே போயிடுச்சே."

"ஒன்பதாம் தேதி ஆறு பொங்கலை, மேடம். இன்னைக்குத்தான் பொங்குது!"

"அதுக்கு நான் என்ன பண்றது? ஆறுதான் விதியைப் பார்த்து வரணும்."

நேரில் போனால் பத்து நிமிஷ வேலை என்று நம்பி அவர் மேட்டிலிருந்த அலுவலகத்துக்கு ஓடினார். அந்த நம்பிக்கையை நினைத்துப் பின்னாளில் அவர் தம் தலையில் தாமே எத்தனையோ முறை அடித்துக்கொண்டார். சொட்டச் சொட்ட நனைந்து நின்றவரைப் பார்த்து இயக்குநர், தரைவிரிப்பை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"சார், கீழ்த்தெருவுல நூத்தி நாப்பது வீடு இருக்கு. இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்க சார், அது போதும்."

"ஜன்னலைத் திறந்து பார்த்து முடிவெடுக்கறதுன்னா இப்படி ஒரு இயக்ககம் எதுக்கு?" என்றார் இயக்குநர். "நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனா அலுவலகத்துக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல இன்னைய படிவத்தைக் கொடுங்க. கையில இருக்கிற ஏதாவது ஒரு சொல்லைப் போட்டு. அது கைக்கு வந்ததும் சைரனுக்குச் சிறப்பு அனுமதின்னு ஒரு மனு கொடுங்க. உடனே பார்க்கறேன்."

அம்மையார் பட்டியலை நீட்டினார். பெரிய சொற்கள் எல்லாம் தீர்ந்து, பாடப்புத்தகத்து ஏழுதான் மிச்சம். ஸ்லீப்பி, ட்விங்க்ளிங், ஸ்லெண்டர் என்று போயிற்று. எந்தச் சொல்லானாலும் சரி, சைரன் ஊதினால் போதும் என்று இருந்தது அவருக்கு. கண்ணில் பட்ட ஸ்லெண்டரைப் போட்டார். பொருள்: ஒல்லியான. பயன்பாடு: 'தி ஸ்லெண்டர் ரிவர் இஸ் கம்மிங் டு தி ஸ்ட்ரீட்.' கீழே கையெழுத்திட்டார். மனுவையும் எழுதிச் சேர்த்தார்.

மனு முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தது. அவர் வெளியே பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். திரும்பி வந்த காகிதத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி. 'ஒல்லியான ஆற்றுக்குச் சைரன் கோருவது முன்னுக்குப் பின் முரண். மனு நிராகரிக்கப்படுகிறது.'

அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இறங்கி ஓடினார், போகிற வழியில் தூணைப் பார்த்துக்கொண்டார். கீழ்த்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, "ஒன்பதே முக்கால்! ஒன்பதே முக்கால்! மேல ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனார். வேறு விளக்கம் எதையும் யாரும் கேட்கவில்லை. அந்த எண் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தைகளும் நோயாளிகளும் முதலில் ஏறினார்கள், பிறகு பெரியவர்கள். ஒருவர் கூடச் சாகவில்லை.

ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரமல்ல, அரை மணி நேரம். தம்பியும் அவளும் கடையில் தைக்கும் இரண்டு பெண்களுமாக மூச்சு வாங்கத் தூக்கி இரண்டு மெஷினை மாடிக்கு ஏற்றினார்கள். மூன்றாவதைத் தொட்டபோது தண்ணீர் இடுப்பளவு வந்துவிட்டது. அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, ஐந்து மெஷின்களும் ஒவ்வொன்றாக முழுகுவதைப் பார்த்தாள். அவள் அழவில்லை. தம்பிதான் அழுதார்.

தண்ணீர் வடிந்ததும் தெருவே நிவாரணத்துக்கு மனுப் போட்டது. பதில் வர ஐந்து நாள்கூட ஆகவில்லை. இல்லை என்று சொல்வதில் அந்த அலுவலகம் யாரையும் காக்கவைத்ததில்லை. அக்கா கடிதத்தைத் தம்பியிடம் நீட்டினாள்.

"படி. சத்தமாப் படி."

அவர் படித்தார். "இருபத்தைந்தாம் தேதிக்கான அதிகாரபூர்வ விவரிப்பின்படி அன்று ஆறு ஒல்லியாக இருந்தது. ஒல்லியான ஆறு தெருவுக்குள் வர இயலாது. தங்கள் கடையில் புகுந்தது வேறு ஏதேனும் நீராக இருக்கலாம். குழாயைச் சரியாக மூடியிருந்தீர்களா என்று பார்த்துக்கொள்ளவும்."

"கீழ இருக்கிறதையும் பாரு."

கீழே ஆதாரமாக அந்தப் படிவத்தின் நகல். அதன் அடியில் அவருடைய கையெழுத்து.

"ஒல்லியா இருந்துச்சா?" என்றாள் அக்கா. "என் இடுப்பு வரைக்கும் வந்தது ஒல்லியா இருந்துச்சாடா? நீ கையெழுத்துப் போட்டியா?"

"போட்டாத்தான் சைரன் ஊதுவேன்னாங்கக்கா."

"ஊதினாங்களா?"

அக்கா கடிதத்தை மடித்து, துருவேறிக் கிடந்த மெஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனது அதுதான் முதல் தடவை. அன்று மாலையே அலுவலகத்திலிருந்து அவருக்கும் ஒரு கடிதம் வந்தது. தெருவில் எண்ணைக் கத்தியதன் மூலம் அனுமதியற்ற விவரிப்பில் ஈடுபட்டதற்காக எச்சரிக்கை. அவமானத்தையும் ஆத்திரத்தையும் அடக்கிக்கொண்டு அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மறுநாள் முதல் தேதி.

முதல் தேதி காலை ஏழு மணிக்கு ஆறு மூன்றரையில் கிடந்தது. கரையோரம் ஒரு நாய் இறங்கி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, அதன் வயிறுகூட நனையவில்லை. அளவுக்காரர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் படிவத்தை வைத்து நிதானமாக எழுதினார். சொல்: ஓவர்ஃப்ளோயிங். பொருள்: கரையை மீறி ஓடுகிற. பயன்பாடு: 'தி ஓவர்ஃப்ளோயிங் ரிவர் ஹேஸ் என்டர்ட் மை சிஸ்டர்ஸ் ஷாப்.'

அம்மையாரே ஃபோனில் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "மை சிஸ்டர்ஸ் ஷாப்! இதைத்தான் நான் இத்தனை நாளா உங்ககிட்ட எதிர்பார்த்தேன். எவ்வளவு உணர்வு!"

ஏழே காலுக்குச் சைரன் ஊதியது. கீழ்த்தெருக்காரர்கள் அலறியடித்து வெளியே வந்து, காய்ந்துகிடந்த தெருவையும் தூரத்தில் கிடந்த ஆற்றையும் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் மூன்று ஜீப்பில் இயக்ககமே வந்து இறங்கியது. வெள்ளப் பகுதிக்குள் அதிகாரிகள் படகில்தான் நுழைய வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ரப்பர் படகுக்குக் காற்றடித்தார்கள். மிதவைச் சட்டை மாட்டிய இயக்குநரும் அம்மையாரும் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். எட்டு ஊழியர்கள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள், ஒருவர் பக்கவாட்டில் துடுப்பை வீசிக்கொண்டே வந்தார். புழுதி பறந்தது. அம்மையார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தையல்கடை வாசலில் படகை நிறுத்தச் சொல்லி, இயக்குநர் அதிலேயே எழுந்து நின்று பேசினார். தூக்கியிருந்த எட்டுப் பேரும் தள்ளாடினார்கள்.

"பார்த்தீங்களா! ஏழு மணிக்கு ஒரு சொல் வருது. ஏழே காலுக்குச் சைரன். ஏழே முக்காலுக்கு நான். இவ்வளவு பெரிய வெள்ளத்துல ஒருத்தர் கால்கூட நனையலை! எண்ணை நம்பிக்கிட்டு இருந்த காலத்துல இப்படி ஒரு வெள்ளத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை சார்" என்றது தெரு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

நூற்று நாற்பது வீட்டுச் சேதமும் அங்கேயே எழுதப்பட்டது. ஒரு வாரத்துத் துருவோடு நின்ற ஐந்து மெஷின்களைப் பார்த்து, 'இன்று காலை மூழ்கியவை' என்று குறித்துக்கொண்டார்கள். நான்காம் தேதி ஐந்து புது மெஷின் வந்து இறங்கியது. கூடவே அளவுக்காரருக்கு, ஆண்டின் சிறந்த விவரிப்பாளர் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரமும் வந்தது. அதை அவர் குப்பைத்தொட்டியில் போட்டதை யாரும் பார்க்கவில்லை.

அன்று அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். டீயை நீட்டினாள். ஒரு புது மெஷினின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, இந்த மாசத்துல நிஜமாவே வெள்ளம் வந்தா என்ன சொல்லுவ?"

அளவுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுக்கு இருந்த சொல்லை உனக்காகத்தான்க்கா செலவு பண்ணிட்டேன்."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புது மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடி" என்றாள். "மேல ஏத்திடுவோம். இனிமே மாடியிலயே தைக்கிறேன்."